மறுமொழி: டாஃப்னியின் விரல் இலைகள் சூளையில் விரிசல் விடுவது பற்றி

கிரேக்கப் புராணத்தில் அப்பொல்லோ தேவன் துரத்த, லாரல் மரமாக மாறும் நங்கை டாஃப்னியைப் பீங்கான் மண்ணில் செய்து, இரண்டு முறையும் விரல் நுனி இலைகள் அடியோடு விட்டுப்போனதாக எழுதியிருக்கிறீர்கள். மண்ணைக் குறை சொல்லாதீர்கள். உள்ளங்கை கெட்டி, இலையோ காகிதக் கனம். மெல்லியது முதலில் உலர்ந்து சுருங்கும், தடித்தது பிறகு. விரிசல் இணைப்பில்தான் விழும்.

உள்ளங்கையைக் குடைந்துவிடுங்கள். இலைகளை மட்டும் பிளாஸ்டிக் தாளால் மூடி, ஒரு வாரமாவது மெதுவாகக் காயவிடுங்கள். காகிதக்கூழ் கலந்த மண் என்றால் இன்னும் வசதி. சுடும்போது புகை வரும், ஜன்னலைத் திறந்துவையுங்கள். 573 டிகிரி செல்சியஸை ஒட்டி, ஏறும்போதும் இறங்கும்போதும் சூளையின் வேகத்தைக் குறையுங்கள். அந்த வெப்பத்தில், மண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமத்தின் படிக அமைப்பே மாறுகிறது. (டாஃப்னி மட்டும்தான் உருமாறுகிறாளா என்ன!)

1622க்கும் 1625க்கும் இடையில் இத்தாலியச் சிற்பி பெர்னினி இதே காட்சியைச் செதுக்கினார். ஆனால் அது பளிங்கு, சுருங்காது. அந்த மெல்லிய இலைகளை மண்ணிடம் அப்படியே கேட்பது கொஞ்சம் அநியாயம். அமெரிக்கக் கலைஞர் கேட் மெக்டவல் தன் பீங்கான் டாஃப்னியை, வெட்டி வீழ்த்திய காட்டைப் போலத் துண்டுகளாகக் கிடத்தியிருக்கிறார். அதைப் பாருங்கள். உடைந்த இலைகளை இன்னும் எறிந்துவிடவில்லையே?