தம்ப் பிக்: இறுக்கினால் வலி, தளர்த்தினால் சுற்றல்

கேள்வி: கிட்டாரில் டிராவிஸ் பிக்கிங் (கட்டைவிரல் பேஸ் கம்பிகளையும் மற்ற விரல்கள் மெட்டையும் மீட்டும் பாணி) பழகுகிறேன். கட்டைவிரலில் மோதிரம் போல மாட்டி மீட்டும் தம்ப் பிக்கை, மீடியம் அளவில் மாட்டினால் பத்தே நிமிடத்தில் கட்டைவிரல் நுனி சிவந்து விண்விண் என்று தெறிக்கிறது. விரலைச் சுற்றிப் பிடிக்கும் பட்டையைக் கையால் விரித்தேன். இப்போது வாசிக்கும்போதே சுற்றிக்கொள்கிறது. இதற்கு முன் இரண்டு உடைந்துவிட்டன. எந்த பிக் வாங்கலாம்?

பதில்: வாங்குவதற்கு முன் இருப்பதைச் சரிசெய்து பாருங்கள். முந்தைய இரண்டும் பட்டை வளையும் இடத்தில்தானே உடைந்தன? குளிர்ந்த நிலையில் விரித்தால் அங்கே மயிரிழை விரிசல் விழும்; சில வாரங்களில் அதே கோட்டில் முறியும்.

சாதாரண பிக்குகள் பெரும்பாலும் செல்லுலாய்டு என்ற பழைய வகைப் பிளாஸ்டிக். பழைய பிங்பாங் பந்துகளும் அதுதான். ஓரத்தை உப்புத்தாளில் தேய்த்து முகர்ந்தால் லேசாகக் கற்பூர வாசனை வரும். கற்பூரம் அதில் ஒரு சேர்மானம். கற்பூரம் போலவே குப்பென்று பற்றும் என்பதால் நெருப்பில் காட்டவே கூடாது. வெந்நீரில் இளகும்.

தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, ஒரு நிமிடம் விடுங்கள். பிக்கின் நாக்கை (கம்பியைத் தட்டும் நீட்டிய பகுதி) இடுக்கியால் பிடித்து, பட்டையை மட்டும் 10 முதல் 15 விநாடி முக்குங்கள். எடுத்ததும் உங்கள் கட்டைவிரலைவிட ஒரு இழை மெலிந்த மார்க்கர் பேனாவில் மாட்டி, அப்படியே குளிர்ந்த நீரில் பிடித்தால் வடிவம் நின்றுவிடும். சூடாக விரலில் மாட்டாதீர்கள், தோல் வெந்துவிடும். ஒரே முறையில் சரியாக அமையாது. இரண்டு மூன்று தடவை ஆகும்.

பட்டை நகத்தின் அடிக்கும் முதல் மூட்டுக்கும் நடுவில் உட்கார வேண்டும். விரலை மடக்கினால் மூட்டில் இடிக்கக் கூடாது. நாக்கை மறு கையால் தள்ளிப் பாருங்கள்: நகரக் கூடாது, ஆனால் இழுத்தால் சிரமமின்றிக் கழல வேண்டும். கால் மணி நேரம் வாசித்த பிறகும் நுனி நிறம் மாறாவிட்டால் அளவு சரி. வியர்வையில் வழுக்கினால் பட்டையின் உள்ளே துணிப் பிளாஸ்திரி ஒரு துண்டு ஒட்டலாம். இறுக்குவதைவிட அது மேல்.

புதிதாகத்தான் வாங்குவது என்றால், அடிக்கடி உடைப்பவருக்கு டெல்ரின் என்ற உறுதியான பிளாஸ்டிக்கில் செய்தது நல்லது. தேய்மானம் குறைவு, வளைத்தாலும் எளிதில் முறியாது. அதன் உருகுநிலை சுமார் 175 டிகிரி செல்சியஸ்; செல்லுலாய்டு அளவுக்கு வெந்நீருக்கு மசியாது என்பதால் அளவு பார்த்து வாங்க வேண்டும். ஃப்ரெட் கெல்லியின் ஸ்பீட் பிக்கில் நாக்கு ஒல்லி. விரல்களுக்கு நடுவே பிடிக்கும் தட்டைப் பிக்கிலிருந்து மாறுபவர்களுக்குப் பிடிக்கும். மணிக்கட்டை வளைத்தால்தான் நாக்கு கம்பிக்கு நேராக வருகிறது என்றால் டன்லப் ஸூக்கி என்ற தம்ப் பிக்கைப் பாருங்கள்: நாக்கு 10, 20, 30 டிகிரி சாய்வில் கிடைக்கிறது.

கேள்வி: தம்ப் பிக் போட்டால் பேஸ் கம்பிகள் மட்டும் உரக்கக் கேட்கின்றன. நாக்கு கம்பியில் மாட்டிக்கொள்கிறது.

பதில்: நாக்கு நீளம். கட்டைவிரல் விளிம்பைத் தாண்டி 5 மில்லிமீட்டர் இருந்தால் போதும். நகவெட்டியால் வெட்டினால் பிளக்கும். நக அரத்தால் தேய்த்து, 400, பிறகு 1000 எண் உப்புத்தாளில் ஓரத்தை மழுக்குங்கள். சொரசொரப்பு மிச்சமிருந்தால் சுருள் சுற்றிய பேஸ் கம்பியில் கரகரவென்று சத்தம் வரும். கொஞ்சமாகத் தேய்த்து வாசித்துப் பார்த்து, மறுபடி தேய்க்க வேண்டும். குறைத்ததை ஒட்டவைக்க முடியாதே! அதோடு உள்ளங்கை ஓரத்தைக் கிட்டாரின் பாலத்தின் (பிரிட்ஜ்) மேல் வைத்து பேஸ் கம்பிகளை அமுக்கி வாசியுங்கள். இந்த பிக்கிங்குக்குப் பெயர் தந்த அமெரிக்கக் கிட்டார் கலைஞர் மெர்ல் டிராவிஸ் பாணியின் ‘தும்தும்’ ஒலியே அந்த அமுக்கலில்தான் வருகிறது.