அழுகிற பையன் ராணுவத்துக்கு ஆவானா?

வணக்கம் அம்மா. மலேசியாவில் ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் முன்னோட்டத்தில் வரலாற்றுப் பாடம் போய்விட்டதென்று மகன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறான், "இவனா சார் ராணுவத்தில் தாக்குப்பிடிப்பான்?" என்று கேட்டிருந்தீர்கள். அழுததை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள்.

ஜேம்ஸ் ஸ்டாக்டேல் என்ற அமெரிக்கக் கடற்படை விமானி 1965 செப்டம்பரில் வட வியட்நாமில் சுட்டு வீழ்த்தப்பட்டார். ஏழரை ஆண்டு சிறை. சித்திரவதையில் அவரும் உடைந்தார், கூட இருந்தவர்களும் உடைந்தார்கள். கைதிகளுக்குள் மூத்த அதிகாரியான அவர், வாயே திறக்காதே என்று உத்தரவு போட்டிருந்தால் யாராலும் காப்பாற்ற முடிந்திருக்காது. பொதுவில் தலைவணங்காதே, வானொலியில் பேசாதே, குற்றத்தை ஒப்புக்கொள்ளாதே என்று முடிந்த சிலவற்றையே விதியாக்கினார். அதையும் மீறித் தோற்றுப்போனவரை அங்கே யாரும் ஒதுக்கவில்லை; சுவரைத் தட்டியே பேசித் தேற்றினார்கள். ஆங்கில எழுத்துகளை ஐந்துக்கு ஐந்து கட்டமாக்கி, வரிசைக்கு இத்தனை தட்டு, அந்த வரிசையில் எத்தனையாவது எழுத்தோ அதற்கு இத்தனை தட்டு. இரண்டு தட்டி, சற்று நிறுத்தி, மூன்று தட்டினால் 'எச்'. அப்படி எழுத்தெழுத்தாகத்தான் ஆறுதலும் உத்தரவும் அறைக்கு அறை போயின.

சயாம் மரண ரயில் பற்றித் தோட்டத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு ஜப்பானியர் 1942-43இல் போட்ட 415 கிலோமீட்டர் பாதை. போர்க்கைதிகள் 12,000 பேருக்கு மேல் மாண்டார்கள். நம் தமிழர் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளர்கள் அதைவிடப் பல மடங்கு. கைதிகளுக்குள் அதிகாரி இருந்தார், மருத்துவர் இருந்தார், தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி என்று கண்டித்துச் சொல்ல ஆள் இருந்தது. காலரா வந்தபோது நம்மவர்களுக்கு அப்படி யாருமில்லை. அவர்களுக்கு நெஞ்சுரம் குறைவென்று யாராவது சொன்னால் எனக்கு மனசு ஆறாது.

ஆகவே அழாதே என்று அதட்ட வேண்டாம். வரலாற்றில் எந்தப் பகுதியில் மதிப்பெண் போனது என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். மலாய்மொழியும் வரலாறும் தேறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது. அவனைப் போலவே வரலாற்றில் தடுமாறும் இரண்டு நண்பர்களைச் சேர்த்து, யார் எதைப் படித்து மற்றவர்களுக்குச் சொல்வது என்று அவனையே பிரித்துக்கொடுக்கச் சொல்லுங்கள். தலைமைக்கு அதுவே முதல் பயிற்சி.

அதிகாரியாக விரும்பினால் கோலாலம்பூர் சுங்கை பீசியிலுள்ள தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகம் ஒரு வழி. நம்மவருக்கு அங்கே இடமிருக்குமா என்ற பயம் வேண்டாம். 1967இல் நம் கடற்படைக்குத் தலைமையேற்ற முதல் மலேசியர் கே. தனபாலசிங்கம். ஆனால் அதெல்லாம் பிறகு. திங்கட்கிழமை விடைத்தாளோடு வரலாற்று ஆசிரியரைப் போய்ப் பார்க்கட்டும்.