வழிகாட்டி இழுக்கலாமா?

? பாராலிம்பிக் ஓட்டத்தில் பார்வையற்றவரோடு கயிறு பிடித்து ஓடுபவர், அவரை இழுத்துக்கொண்டு போய்விட மாட்டாரா?
– வாசகி, திண்டுக்கல்

வழிகாட்டி இழுத்தாலோ தள்ளினாலோ இருவருக்கும் தகுதி போய்விடும். எல்லைக்கோட்டையும் ஓட்டக்காரர்தான் முதலில் தாண்ட வேண்டும். பார்வை அறவே இல்லாத, அல்லது கிட்டத்தட்ட இல்லாதவர்களுக்கான டி11 பிரிவில் ஓட்டக்காரர்கள் எல்லோரும் கண்ணை மறைத்துக்கொண்டு ஓட வேண்டும்; லேசாக வெளிச்சம் தெரிகிறவருக்குக்கூட அந்தச் சாதகம் கிடைக்கக் கூடாது. 100 மீட்டரில் ஒரு ஜோடிக்கு இரண்டு தடங்கள்.

வழிகாட்டி இழுப்பது இருக்கட்டும், வழிகாட்டியையே இழுத்து வந்தவர் உண்டு. கென்யாவின் ஹென்றி வான்யோய்கே 1995இல் பக்கவாதத்தால் பார்வையை இழந்தவர். பின்னல் வேலை கற்றுக்கொண்டு வாழ்க்கையை மறுபடி தொடங்கினார். 2000 சிட்னி 5,000 மீட்டரில், உடல்நலம் சரியில்லாத வழிகாட்டி கடைசிக் கட்டத்தில் துவண்டுபோனார். வான்யோய்கே அவரை உசுப்பி, பிடித்திழுத்து, கோட்டைத் தாண்டித் தங்கம் வென்றார். 2004 ஏதென்ஸில் 5,000, 10,000 இரண்டிலும் தங்கம்.

2024 பாரிஸ் பாராலிம்பிக் மாரத்தானில் நடந்தது வேறு. ஸ்பெயினின் எலேனா கொங்கோஸ்த் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தார். அடுத்தவர் மூன்று நிமிடத்துக்கு மேல் பின்னால். கோட்டுக்குச் சில மீட்டர் முன்பு வழிகாட்டிக்குத் தசைப்பிடிப்பு. அவர் விழாமல் தாங்கப் போய், கயிற்றை ஒரு கணம் விட்டுவிட்டார். தகுதி நீக்கம்! கோட்டைத் தாண்டும்வரை கயிற்றை விடக் கூடாது என்பது விதி; விதி விதிதான். ஆனாலும் விழுகிறவரைத் தாங்கியதற்கு இந்தத் தண்டனை ரொம்ப அதிகம்.

? எங்கள் ஊர் மாணவர் ஒருவருக்குப் பார்வை இல்லை, ஓட ஆசைப்படுகிறார். நான் அவர்கூட ஓடலாமா?
– வாசகர், பட்டுக்கோட்டை

தாராளமாக. அவரைவிட நீங்கள் வேகமாக ஓடக்கூடியவராக இருக்க வேண்டும். ஓடிக்கொண்டே பேசவும் மூச்சு மிஞ்ச வேண்டும். இரு முனையிலும் வளையம் போட்ட, இழுபடாத கயிறு போதும். இழுத்துப் பிடித்தாலும் 30 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. ரப்பர், எலாஸ்டிக் வேண்டாம், சுண்டி இழுக்கும்.

முதலில் நடந்து பழகுங்கள். அவருடைய வலது கை கயிற்றில் என்றால் உங்களுடையது இடது கை. இரண்டும் ஒன்றாக முன்னே போய் ஒன்றாகப் பின்னே வர வேண்டும். அப்போது உள்பக்கக் கால்களும் தாமாகச் சேர்ந்து விழும். பலர் தடுமாறுவது இங்கேதான். நீங்கள் அரை அடி முந்தினாலே அவர் தோள் திருகி நடை குலையும். அவர் கையசைவுக்கு நீங்கள்தான் இணங்கிப் போக வேண்டும்.

வளைவை அங்கே போய்ச் சேர்ந்த பிறகு சொல்லிப் பயனில்லை; சில அடிகளுக்கு முன்பே "இடது வளைவு" என்று சொல்லிவிடுங்கள். மேடு, பள்ளம், ஈரம் எதையும் இரண்டே சொல்லில் முடியுங்கள். ஓடி முடித்ததும் சட்டென்று நின்றுவிடாதீர்கள். "கோடு தாண்டியாச்சு, மெதுவா" என்று சொல்லி, பத்துப் பதினைந்து அடி கூடவே ஓடி வேகத்தைக் குறையுங்கள்.