நள்ளிரவில் யார் கேட்பார்கள்?

கேள்வி: மெல்பேர்னில் ஒரு முதியோர் இல்லத்தில் வியாழன் முதல் சனி வரை இரவு வேலை செய்கிறேன். வயது 47. யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவில் பாட்டுக் கேட்டு வளர்ந்தவள். எங்கள் பகுதிச் சமூக வானொலியில், அதாவது தன்னார்வலர்கள் நடத்தும் நிலையத்தில், பயிற்சி முடித்திருக்கிறேன். செவ்வாய் இரவு 12 முதல் 2 மணி வரை பாட்டு நிகழ்ச்சி செய்யச் சொல்கிறார்கள். அது தமிழ் வானொலி அல்ல, எல்லாருக்கும் பொதுவானது. தமிழ்ப் பாட்டும் போடலாமாம். என் ஆங்கில உச்சரிப்பை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. சம்பளம் இல்லாத வேலைக்கு ஏன் தூக்கத்தைக் கெடுக்கிறாய், அந்த நேரத்தில் யார் கேட்பார்கள் என்கிறார் கணவர். ஏற்கலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, ஏற்றுக்கொள்ளுங்கள். யார் கேட்பார்கள் என்று உங்கள் கணவருக்குத் தெரியாமல் இருக்கலாம், உங்களுக்குத் தெரியும். இரவு ஒன்றரை மணிக்கு இந்த ஊரில் யார் யார் விழித்திருக்கிறார்கள் என்று உங்களைவிட நன்றாக அறிந்தவர் அந்த நிலையத்திலேயே இருக்க மாட்டார். உங்கள் இல்லத்தில் தூக்கம் வராமல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருக்கும் முதியவர், விமான நிலையத்துக்கு வெளியே வரிசையில் நிற்கும் டாக்சிக்காரர், பேக்கரியில் மாவு பிசைகிறவர், குழந்தைக்குப் பால் கொடுக்க எழுந்த தாய். இவர்கள் கூட்டமாக இருப்பதில்லை. ஒவ்வொருவரும் தனித்தனியாக இருக்கிறார்கள். அதனால் நீங்களும் ஒருவரோடு பேசுவதுபோல் பேசினால் போதும். 'நேயர்களே' என்று கூட்டத்தைக் கூப்பிடுவதைவிட, உங்களுக்குத் தெரிந்த ஒரு முகத்தை மனதில் வைத்துக்கொண்டு மைக்கைத் திறங்கள்.

டைனமோவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். போரால் மின்சாரமும் பேட்டரியும் இல்லாத அந்த வருடங்களில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவிலிருந்து வயரை ரேடியோவுக்கு இழுத்து, ஒருவர் பெடலைச் சுற்ற மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். சுற்றுகிற கை சோர்ந்தால் பாடுகிறவரின் குரலும் தேய்ந்துவிடும். ஒரு பாட்டுக்கு அவ்வளவு பாடுபட்டவருக்கு இரண்டு மணி நேர ஒலிபரப்பு கையில் கிடைக்கிறதென்றால், அதை வேண்டாமென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உச்சரிப்பு விஷயம். ஆஸ்திரேலியாவில் சமூக வானொலி அடிலெய்ட் பல்கலைக்கழகத்தில் 1972இல் தொடங்கியது. 1975இல் பிரிஸ்பேனில் ஃபோர் ட்ரிபிள் ஸெட், அடுத்த வருடம் மெல்பேர்னில் த்ரீ சி ஆர் என்று பரவி, இன்று 450க்கும் மேற்பட்ட நிலையங்கள் இருக்கின்றன. மற்ற வானொலிகளில் இடம் கிடைக்காத குரல்களுக்காகவே வந்தவை இவை. உங்கள் குரல் அங்கே இரவல் இடத்தில் உட்காரவில்லை. நிதானமாகப் பேசுங்கள், அது போதும். இரவில் கேட்கிறவருக்கு வேகம் வேண்டியதில்லை. தமிழ்ப் பாட்டுக்கு முன்னால் வரிக்கு வரி மொழிபெயர்க்க வேண்டாம். பாட்டில் யார், யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் பாட்டைப் போடுங்கள். முடிந்ததும் பாடியவர், இசை, எழுதியவர் பெயர்களைச் சொல்லுங்கள். இலங்கை வானொலியில் மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், அப்துல் ஹமீது ஆகியோர் குரலில் அந்தப் பெயர்களைக் கேட்டுக் கேட்டுத்தானே நமக்குப் பாட்டெழுதியவரையும் தெரிந்தது!

என் முதல் இரவைச் சொல்கிறேன். நானும் சில வருடங்கள் ஒரு சமூக வானொலியில் தமிழ் நிகழ்ச்சி செய்தவள். பாட்டைப் போட்டேன், ஹெட்போனில் அருமையாகக் கேட்டது. ஆனால் அந்தப் பாட்டுக்குரிய ஃபேடரை, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் அந்தத் தள்ளு பிடியை, மேலே தள்ள மறந்திருந்தேன். எனக்கு மட்டும்தான் பாட்டு, வெளியே மௌனம். கலையகத்துத் தொலைபேசி மணி அடிக்காது, சின்ன விளக்கு மட்டும் மின்னும். எடுத்தால் ஒரு டாக்சிக்காரர். "தங்கச்சி, பாட்டு ஒண்டும் கேக்கேல்லையே, ஏதும் பிரச்சினையோ?" என்றார். கோபமே இல்லை, கவலைதான் இருந்தது. ஃபேடரைத் தள்ளியதும் "ஆ, வந்திட்டுது" என்று வைத்துவிட்டார். அன்றிலிருந்து ஹெட்போனை மட்டும் நம்பாமல், ஒலி வெளியே போவதைக் காட்டும் மீட்டர் முள் ஆடுகிறதா என்றும் பார்ப்பேன். நீங்களும் பாருங்கள். ஏழெட்டு நிமிடம் ஓடக்கூடிய ஒரு பாட்டையும் எப்போதும் தயாராக வைத்திருங்கள். கழிப்பறைக்குப் போகவும், ஏதாவது சிக்கிக்கொண்டால் மூச்சு வாங்கவும் அது உதவும்.

சட்ட விஷயங்களைப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள், இருந்தாலும் தமிழ்ப் பாட்டுப் போடுகிறவர்கள் தடுமாறும் இரண்டைச் சொல்லிவிடுகிறேன். பொதுவான சமூக வானொலிகள் ஒலிபரப்பும் இசையில் குறிப்பிட்ட ஒரு பங்காவது ஆஸ்திரேலிய இசையாக இருக்க வேண்டும் என்பது நடத்தை விதி. இங்கே வாழும் தமிழ்ப் பாடகர் பாடியதும் ஆஸ்திரேலிய இசைதான் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. மேடைகளில் பாடும் நம் பிள்ளைகளிடம் நல்ல ஒலிப்பதிவு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இன்னொன்று, சமூக வானொலியில் விளம்பரம் கூடாது. நிலையத்துக்கு ஆதரவு தருகிறவரின் பெயரைச் சொல்லும், நிலையம் ஏற்ற அனுசரணை அறிவிப்பு மட்டும்தான், அதுவும் மணிக்கு 5 நிமிடம் வரை. தெரிந்தவரின் கடையில் புட்டு மா மலிவு என்று அன்பாகச் சொன்னாலும் நிலையத்துக்குத் தொல்லை.

அப்புறம், நீங்கள் பார்த்துக்கொள்ளும் முதியவர்களின் கதைகள் மைக்குக்கு வரவே கூடாது. பெயர் சொல்லாவிட்டாலும், கேட்கிற மகனோ மகளோ அடையாளம் கண்டுகொள்வார்கள்.

கணவர் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. காசு வராது. சில இடங்களில் வருடச் சந்தாவும் கட்ட வேண்டியிருக்கும், நேயர்களிடம் நிதி திரட்டும் ரேடியோதான் என்ற சிறப்பு ஒலிபரப்பில் உழைக்கவும் கேட்பார்கள். தூக்கம் இன்னும் முக்கியம். மூன்று இரவு வேலை செய்யும் உடம்புக்கு நான்காவது இரவும் வாரம் தவறாமல் என்றால் மூன்று மாதத்தில் களைத்துவிடும். முதலிலேயே இன்னொருவரோடு மாறி மாறி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள், இரவு நேரத்துக்கு ஆள் கிடைப்பது எப்போதும் கஷ்டம். கட்டடத்தில் தனியாக இருக்க வேண்டுமா, கதவு உள்ளிருந்து பூட்டுமா, கார் எங்கே நிற்கும் என்பதையும் கேட்டுவிடுங்கள். தனியாகத்தான் என்றால் முதல் சில வாரங்களுக்குக் கணவரையே கூட்டிக்கொண்டு போங்கள். இரண்டு மணிக்கு அந்த விளக்கு மின்னுவதை அவரும் பார்க்கட்டும்.

செவ்வாய் இரவு உங்கள் முதியோர் இல்லத்தில் வேலைக்கு வருகிறவர் யாரென்று உங்களுக்குத் தெரியும். அலைவரிசை எண்ணை ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள். தூக்கம் வராதவரின் அறையில் ரேடியோவை மெதுவாகப் போட்டுவிடச் சொல்லுங்கள்.