மரங்கொத்திப் படம் வாங்கியோர் கேள்விகள்

கேள்வி: அட்டை நிறைய வுடி வுட்பெக்கர் சிரிப்பதைப் பார்த்து டிவிடி வாங்கினேன். உள்ளே பத்துக் கார்ட்டூன்கள். அந்த மரங்கொத்தி வருவது ஒன்றில்தான், அதுவும் நிறம் வெளிறி. இது மோசடி இல்லையா?

பதில்: அந்த ஒன்று, அநேகமாக 1941இல் வுடி படங்களின் தயாரிப்பாளர் வால்டர் லான்ட்ஸ் வெளியிட்ட ‘பான்ட்ரி பானிக்’ ஆகத்தான் இருக்கும். மற்றப் பறவைகள் தெற்கே பறந்துவிட, பிடிவாதமாகத் தங்கிய மரங்கொத்தி, பசியோடு வந்த பூனையிடம் மாட்டிக்கொள்ளும் படம் அது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி 28ஆம் ஆண்டில் புதுப்பிக்க வேண்டிய பதிப்புரிமையை யாரும் புதுப்பிக்காததால், தேய்ந்த பிரதி ஒன்று கையில் இருந்தால் எவரும் அதை வட்டாக்கி விற்கலாம். அதில் எனக்கு வருத்தமில்லை. ஏழு நிமிடப் படத்தின் நாயகனை அட்டை முழுக்க நிறுத்தி, மீதி ஒன்பதின் பெயர்களைப் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒளிப்பதுதான் அயோக்கியத்தனம். இதற்குப் பலியாகிறவர்கள் பெரும்பாலும் பேரப்பிள்ளைக்குப் பரிசு தேடும் பெரியவர்கள். விற்பனைப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். இந்தியாவில் வாங்கியிருந்து விற்றவர் மறுத்தால், 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள்.

கேள்வி: 2007இல் அமெரிக்காவில் வெளியான மூன்று வட்டு வுடி டிவிடி தொகுப்பு, சென்னையில் என் பிளேயரில் ஓடவில்லை. விற்றவர் ஏமாற்றிவிட்டாரா?

பதில்: இல்லை. டிவிடிகளை உலக மண்டலவாரியாகப் பூட்டி விற்கிறார்கள்; ஒரு மண்டலத்து வட்டு வேறு மண்டலத்துப் பிளேயரில் பொதுவாக ஓடாது. பின்னட்டையில் உலக உருண்டைக்குள் 1 என்று போட்டிருப்பது அமெரிக்க மண்டலம், இந்தியாவுக்கு 5. பணம் கட்டுமுன் பார்த்திருக்க வேண்டியவர் நீங்கள்.

கேள்வி: காசில் பிலிம்ஸ் நிறுவனம் விற்ற பழைய 8 மி.மீ. வுடி படச்சுருளில் ஒலியே இல்லை. பழுதா?

பதில்: பழுதில்லை. வீட்டுப் புரொஜெக்டர்களுக்காக விற்ற அச்சுருள்களில் பல ஊமைப் படங்களே. அந்தப் புகழ்பெற்ற சிரிப்பைக் கேட்கும் ஆசையில் நானும் ஒன்றை வாங்கி, அலகு திறந்து மூடுவதை மட்டும் பார்த்திருக்கிறேன். ஒலிச்சுருள் என்றால், ஓரத்தில் பழுப்பு நிறக் காந்தப் பட்டை ஓடுகிறதா என்று பாருங்கள். டப்பாவைத் திறந்ததும் புளித்த காடி நெடி அடித்தால், சுருள் அழியத் தொடங்கிவிட்டது. இலவசமாகத் தந்தாலும் வேண்டாம்.

கேள்வி: வுடி முதன்முதலில் தோன்றிய 1940ஆம் ஆண்டு ‘நாக் நாக்’ படத்தின் அசல் செல் (படமாக்குவதற்காகக் காட்சியைத் தீட்டிய கண்ணாடித் தாள்) என்று ஒருவர் சான்றிதழோடு விற்கிறார். முகம் உருண்டையாக, அழகாக இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அந்தப் படத்தில் அது விகாரமான பறவை. அழகு வந்தது 1944இல், ‘தி பார்பர் ஆஃப் செவில்’ படத்துக்காக மாற்றி வரைந்தபோதுதான். சான்றிதழை விற்பவரே அச்சடித்துக்கொள்ளலாம்.