சான்றிதழ் சரிபார்ப்பை நிறுத்தாமல் எலாஸ்டிக்சர்ச்சுடன் இணைவது எப்படி?

கேள்வி: எங்கள் இணையக் கடையின் தேடல் வசதிக்காக எலாஸ்டிக்சர்ச் 8-ஆம் பதிப்பைத் தனி சர்வரில் புதிதாக நிறுவினோம். பைதான் கிளையன்ட் (எங்கள் நிரலிலிருந்து சர்வரை அழைக்கும் நிரலகம்) ‘சான்றிதழைச் சரிபார்க்க முடியவில்லை’ என்று இணைய மறுக்கிறது. சரிபார்ப்பை நிறுத்தினால் வேலை செய்கிறது. எச்டிடிபிஎஸ் வழியாகத்தானே போகிறது, இப்படியே விட்டுவிடலாமா?

பதில்: தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். எச்டிடிபிஎஸ் தகவலை மறையாக்கம் செய்வதோடு, மறுமுனையில் இருப்பது நீங்கள் நாடிய சர்வர்தான் என்பதையும் உறுதிசெய்கிறது. சரிபார்ப்பை நிறுத்தினால், நெட்வொர்க்கின் நடுவே புகுந்த எவர் தம் சொந்தச் சான்றிதழை நீட்டினாலும் உங்கள் நிரல் அதை ஏற்று, ஒவ்வொரு கோரிக்கையுடனும் பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் அவரிடமே கொடுத்துவிடும். அவை பேஸ்64 என்ற, ரகசியச் சாவி ஏதும் தேவைப்படாத எழுத்துமாற்று வடிவில் செல்வதால் யாரும் நொடியில் திருப்பிப் படித்துவிடலாம்.

2022 பிப்ரவரியில் வெளிவந்த 8.0 முதல், சர்வர் முதன்முறை இயங்கும்போதே தனக்கென ஒரு சான்றளிப்பு மையத்தை (மற்றச் சான்றிதழ்களுக்குக் கையொப்பமிட்டு உறுதிதரும் மூலச் சான்றிதழும் சாவியும்) உருவாக்கி, அதன் கையொப்பத்துடன் தன் எச்டிடிபி சான்றிதழைத் தயாரித்துக்கொள்கிறது. அந்த மையம் உங்கள் கணினியின் நம்பகப் பட்டியலில் இல்லாததால்தான் பிழை வருகிறது. கிளையன்ட் தன் கடமையைச் சரியாகவே செய்கிறது. எலாஸ்டிக்சர்ச்சின் அமைப்புக் கோப்புறைக்குள் ‘செர்ட்ஸ்’ என்ற உட்கோப்புறையில், சிஆர்டி என்று முடியும் மையச் சான்றிதழ்க் கோப்பு இருக்கும். அதை எஸ்எஸ்எச் வழியாக உங்கள் செயலி ஓடும் கணினிக்கு நகலெடுத்து, கிளையன்டை உருவாக்கும் வரியில் ‘சிஏ செர்ட்ஸ்’ என்ற அளபுருவுக்கு அதன் பாதையைக் கொடுங்கள். இந்தக் கோப்பு ரகசியமானதல்ல. ஆனால் நம்பகமான வழியில் வந்து சேர வேண்டும். சரிபார்க்கப்படாத இணைப்பிலிருந்தே சான்றிதழை இறக்கி அதையே நம்புவது, வாசலில் நிற்பவரிடமே அவருடைய நற்சான்றை எழுதி வாங்குவது போன்றது. அதே கோப்புறையில் உள்ள பி12 கோப்புகளில் தனிச்சாவிகள் (சர்வர் தன் அடையாளத்தை நிரூபிக்கும் ரகசியச் சாவிகள்) இருப்பதால், அவை சர்வரை விட்டு வெளியே போகவே கூடாது.

இதன்பிறகு பலர் தடுக்கி விழும் இடம் சர்வரின் பெயர். தானாக உருவான சான்றிதழில், நிறுவியபோது அந்த இயந்திரத்துக்கு இருந்த பெயரும் ஐபி முகவரிகளும் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்பதும்தான் இருக்கும். நீங்கள் பின்னர் சூட்டிய டிஎன்எஸ் பெயரால் அழைத்தால், மையச் சான்றிதழ் சரியாக இருந்தும் ‘பெயர் பொருந்தவில்லை’ என்ற பிழை வரும். அப்போதும் பெயர்ச் சரிபார்ப்பை அணைக்காமல், எலாஸ்டிக்சர்ச்சுடன் வரும் ‘செர்ட்யுடில்’ கருவியை எச்டிடிபி முறையில் இயக்கி, தேவையான பெயர்கள் அனைத்தையும் சேர்த்துப் புதிய சான்றிதழ் எடுங்கள். அதற்குப் புதிய மையத்தை உருவாக்கினால், அந்த மையத்தின் சான்றிதழைக் கிளையன்டுக்கும், எலாஸ்டிக்சர்ச் தரவைக் காட்டும் இணையப் பலகையான கிபானாவை வைத்திருந்தால் அதற்கும் மாற்றிக் கொடுக்க வேண்டும். முகவரியை எச்டிடிபிஎஸ் என்ற முன்னொட்டு, பெயர், 9200 என்ற போர்ட் எண் மூன்றோடும் முழுமையாக எழுதுங்கள். 8-ஆம் பதிப்பின் கிளையன்ட் குறை முகவரியை ஏற்காது.

அடுத்து, ‘எலாஸ்டிக்’ என்ற பயனராகச் செயலியை இணைக்க வேண்டாம். எல்லா அதிகாரமும் கொண்ட கணக்கு அது. பொருட்களின் இண்டெக்ஸை (தரவுத் தொகுப்பை) வாசிக்க மட்டும் உரிமையுள்ள, காலாவதி நாள் குறித்த ஒரு ஏபிஐ கீயை, அதாவது கடவுச்சொல்லுக்குப் பதிலாகச் செயலி காட்டும் அனுமதிச் சாவியை, உருவாக்குங்கள். தரவைப் பதிவேற்றும் நிரலுக்கு வேறொரு கீ. கீயின் மதிப்பு உருவாக்கும்போது ஒருமுறைதான் காட்டப்படும். அதை நிரலுக்குள் எழுதாமல் சூழல் மாறியில் (நிரலுக்கு வெளியே இயங்குதளத்தில் வைக்கும் மதிப்பில்) வையுங்கள். 9200-ஐச் செயலி சர்வருக்கு மட்டும் ஃபயர்வாலில் திறந்தால் போதும். 2020 ஜூலையில் ‘மியாவ்’ தாக்குதல் அழித்தவை, பாதுகாப்பின்றி இணையத்தில் திறந்துகிடந்த இத்தகைய தரவுத்தளங்களைத்தான்.

சரிபார்ப்பின்றிச் சில காலம் இயங்கிவிட்டதால், இணைப்பு சரியானதும் ‘ரீசெட் பாஸ்வேர்டு’ கருவியைக் கொண்டு எலாஸ்டிக் பயனரின் கடவுச்சொல்லை அன்றே மாற்றிவிடுங்கள்.