பிரான்சின் நாட்டுப்புறத்தில் சைக்கிள் பயணம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வந்திருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சுற்றித்தான் இருக்கின்றன. காதோரம் லாரி உறுமாமல், பின்னால் திரும்பித் திரும்பிப் பார்க்காமல், நாள் முழுக்க ஓட்ட வழி உண்டா? உண்டு. ஆனால் பெயர் பெற்ற தடங்களை மட்டும் நம்பினால் அதில் பாதிதான் கிடைக்கும்.

நானும் மனைவியும் ஐம்பதைத் தாண்டியவர்கள். சென்னையில் ஞாயிறு காலைகளில் ஈசிஆரில் ஓட்டுகிறோம். பிரான்சில் நான்கைந்து நாள் ஓட்ட ஆசை. எல்லோரும் லுவார் நதிக்கரையைச் சொல்கிறார்கள். அதற்கே போகலாமா?

லுவார் நல்ல தடம். நெவேர் ஊருக்குப் பக்கத்தில் தொடங்கி அட்லாண்டிக் கரை வரை சுமார் 900 கிலோமீட்டர். பலகைகளைப் பார்த்தே போய்விடலாம், ஏற்றம் அதிகமில்லை, வழியெல்லாம் கோட்டை. ஆனால் நீங்கள் கேட்பது அமைதி. ஜூலை, ஆகஸ்டில் புளுவாவுக்கும் சோமூருக்கும் இடையே சைக்கிள்காரர்களே கூட்டமாகப் போவார்கள். தங்கும் இடங்களும் முன்கூட்டியே நிரம்பிவிடும்.

உங்களுக்கு நான் தெற்கு பர்கண்டியைத்தான் சொல்வேன். ஜிவ்ரியிலிருந்து குளூனி வரை பழைய ரயில் தடத்தைச் செப்பனிட்டு, 1997-ல் மோட்டார் வண்டியே நுழைய முடியாத பாதையாகத் திறந்தார்கள். 'வ்வா வெர்த்' (பசுமைப் பாதை) என்று பிரான்ஸ் முழுக்க இன்று பரவியிருக்கும் பாதைகளுக்கு இது முன்னோடி. ரயிலுக்காகப் போட்ட தடம் என்பதால் மூச்சு வாங்கும் ஏற்றமே கிடையாது. இருபக்கமும் திராட்சைத் தோட்டம், மேய்ச்சல் நிலம், கல்லால் கட்டிய சிறு கிராமங்கள். பூக்ஸி போன்ற ஊர்களில் பழைய ஸ்டேஷன் கட்டடங்கள் பாதையோரமாகவே நிற்கின்றன. குளூனியில் 910-ல் நிறுவிய மடாலயத்தின் மிச்சம் இருக்கிறது. ரோமில் இப்போதுள்ள புனித பேதுரு பேராலயம் எழும்வரை கிறிஸ்தவ உலகின் மிகப் பெரிய தேவாலயம் அங்கேதான் இருந்தது. சாலோன் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து மாக்கோன் வரை ஓட்டி, மறுபடி ரயில் பிடிக்கலாம். இரண்டு நாளில் முடிகிற தூரம்தான். நான்கு நாள் எடுத்துக்கொள்ளுங்கள், பக்கத்துக் கிராமங்களுக்குள் போய்வர வசதியாக இருக்கும்.

தனிப் பாதை இல்லாத பகுதிகளில் கார் குறைவான ரோட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? போன் செயலி சில நேரம் மாட்டு வண்டித் தடத்திலும் சில நேரம் நெடுஞ்சாலையிலும் கொண்டுபோய் விடுகிறது.

என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி. பிரான்சில் 10 லட்சம் கிலோமீட்டருக்கும் மேல் ரோடு இருக்கிறது. அதில் பெரும்பகுதி மாவட்டச் சாலைகளும் ஊராட்சிச் சாலைகளும். கிராமப்புறத்தில் ஆள் குறைவு, ரோடு அதிகம். அதனால் தார் போட்ட நல்ல ரோடுகள் பகல் முழுக்கக் காலியாகவே கிடக்கின்றன.

மிஷலின் காகித வரைபடம் ஒன்று வாங்குங்கள். வட்டார வரைபடத்தில் 1 சென்டிமீட்டர் என்பது 2 கிலோமீட்டர். சிவப்புக் கோடு பெரிய ரோடு, அதை விட்டுவிடுங்கள். மஞ்சள் கோடு, வேறு வழியில்லாதபோது மட்டும். உங்களுக்கு வேண்டியது வெள்ளைக் கோடு. அதில் பச்சை விளிம்பு இருந்தால் காட்சியும் நன்றாக இருக்கும் என்று அர்த்தம். கோட்டின் மேல் சின்ன அம்புக்குறிகள் இருக்கும், அவை ஏற்றத்தின் பக்கம் பார்த்திருக்கும். ஒரு அம்பு என்றால் 5 முதல் 9 சதவீதச் சரிவு, இரண்டு என்றால் 13 வரை, மூன்று என்றால் அதற்கும் மேல். பையோடு போகிறவர் மூன்று அம்பைப் பார்த்தால் பக்கத்து ரோட்டைத் தேடுவதே நல்லது.

அப்புறம், இரண்டு ஊருக்கு நடுவே சிவப்பு ரோடு ஒன்று போகிறதா என்று பாருங்கள். போனால் அதற்கு இணையாக ஓடும் வெள்ளை ரோடு பெரும்பாலும் அமைதியாக இருக்கும். அவசரக்காரர் எல்லோரும் சிவப்பில் போய்விடுவார்கள். மலைப் பள்ளத்தாக்குகளில் இந்தக் கணக்கு செல்லாது. ஆர்தேஷ், வெர்தோன் போன்ற இடுக்குகளில் ரோடே ஒன்றிரண்டுதான். ஆகஸ்டில் காரும் கேரவனும் மோட்டார் சைக்கிளும் அதில்தான் வரும். அழகுக்குப் பேர் போன ரோடு வேறு, அமைதியான ரோடு வேறு. இரண்டும் ஒன்றாகக் கிடைக்க விடியற்காலையில் கிளம்ப வேண்டும்.

இன்னொன்று, நேரம். நண்பகல் 12 மணியிலிருந்து 2 மணி வரை கிராமப்புற பிரான்ஸ் சாப்பாட்டு மேசையில் இருக்கும். மஞ்சள் ரோட்டில்கூட அப்போது வண்டி குறைந்துவிடும். தவிர்க்க முடியாத பெரிய ரோட்டை அந்த இரண்டு மணி நேரத்தில் கடந்துவிடுங்கள்.

மத்தியிலுள்ள குரேஸ், லொஸேர் மாவட்டங்களையும் யோசித்துப் பாருங்கள். நாட்டிலேயே மக்கள்தொகை மிகக் குறைவான மாவட்டம் லொஸேர், அங்கே ஒரு லட்சம் பேர்கூட இல்லை. ஏற்றம் உண்டு, கால் வலிக்கும். ஆனால் அங்குள்ள அமைதிக்கு ஈடு எதுவுமில்லை.

தெற்கு பிரான்சின் மிதி (Canal du Midi) கால்வாய் ஓரமாகத் துலூஸிலிருந்து கடல்வரை போகத் திட்டம். என்னிடம் 25 மில்லிமீட்டர் டயர் போட்ட ரோடு பைக் இருக்கிறது. போதுமா?

போதாது. துலூஸிலிருந்து முதல் 50 கிலோமீட்டர் தார்ப் பாதை, அங்கே எந்த சைக்கிளும் ஓடும். ஓத் மாவட்டம் தொடங்கியதும் பல இடங்களில் வெறும் மண் தடம். கரையோரப் பிளேன் மரங்களின் வேர்கள் பாதைக்குக் குறுக்கே விரல் தடிமனிலிருந்து கை தடிமன் வரை எழும்பி நிற்கும். மழை பெய்தால் சேறு. 35 மில்லிமீட்டருக்குக் குறையாத டயர் போட்டு, காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரிக்கே என்பவர் 1666-ல் தொடங்கி 1681-ல் முடிந்த இந்தக் கால்வாயின் கரையில் சுமார் 42,000 பிளேன் மரங்கள் இருந்தன. 2006-ல் ஒரு பூஞ்சை நோய் கண்டுபிடிக்கப்பட்டது. மருந்து இல்லை. நோய் வந்த மரத்தையும் பக்கத்து மரங்களையும் வெட்டி எரிப்பதுதான் வழி. ஆயிரக்கணக்கில் வெட்டிவிட்டார்கள், வேறு இன மரங்களை நட்டு வருகிறார்கள். அதனால் பழைய படங்களில் பார்த்த நிழல் குகையைப் பல இடங்களில் எதிர்பார்க்க முடியாது. ஜூலை வெயிலில் இது பெரிய விஷயம், தொப்பியும் தண்ணீரும் கூடுதலாக வேண்டும்.

டயரை மாற்ற மனமில்லை என்றால் எதிர்த்திசையில் போங்கள். போர்தோவுக்கும் துலூஸுக்கும் இடையே கரோன் கால்வாய்ப் பாதை பெரும்பாலும் தார் போட்டது. அஜானில் கால்வாயே ஒரு பாலத்தின் மேலேறி நதியைக் கடக்கிறது. அரை கிலோமீட்டருக்கும் மேல் நீளமான அந்தக் கல் பாலத்தில், கீழே ஆறு ஓட, பக்கத்தில் படகு வர, நீங்கள் சைக்கிளில் போகலாம்.

லுவாரை எந்தத் திசையில் ஓட்டுவது?

மேற்கிலிருந்து கிழக்கே. அங்கே காற்று பெரும்பாலும் கடலிலிருந்து வீசும். ரோன் நதிக்கரையில் வடக்கிலிருந்து தெற்கே போங்கள். வடக்கிலிருந்து வீசும் மிஸ்ட்ரால் காற்றை எதிர்த்து மிதிப்பது வீண் தண்டனை.

நான் சுத்த சைவம். கிராமங்களில் என்ன சாப்பிடுவது? தண்ணீர்?

பகலுக்கு ரொட்டி, சீஸ், தக்காளி, பழம். இதைக் காலை 11 மணிக்குள் வாங்கிப் பையில் போட்டுவிடுங்கள். 12 மணிக்குக் கிராமக் கடை மூடினால் மறுபடி திறக்க இரண்டோ மூன்றோ ஆகிவிடும். ஞாயிறு மதியமும் திங்கட்கிழமையும் பல ஊர்களில் எதுவும் திறந்திருக்காது. ராத்திரிக்குத்தான் சிக்கல். சைவம் என்று சொன்னாலும் மீன் போடுகிறவர்கள் உண்டு, "இறைச்சியும் வேண்டாம், மீனும் வேண்டாம்" என்று பிரெஞ்சில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டோடு தங்கும் இடங்களில் முதல் நாளே சொன்னால் சமைத்துத் தருவார்கள். பாரிஸ் வழியாகப் போகிறீர்கள் என்றால், வடக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே லா ஷப்பல் இருக்கிறது. அங்குள்ள தமிழ்க் கடைகளில் ஊறுகாய், பருப்புப் பொடி வாங்கிக்கொள்ளலாம். கூடாரம் போடுகிறவர்களுக்கு நன்றாகக் கைகொடுக்கும்.

தண்ணீருக்குக் கிராமக் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள். பூச்செடிகளுக்காக வாசலருகே குழாய் வைத்திருப்பார்கள். 'ஓ நோன் பொத்தாப்ல்' என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்க வேண்டாம். நம்மூர்க்காரர்களுக்கு முதலில் தயக்கமாக இருக்கும். அங்கே சைக்கிள்காரர்கள் எல்லோரும் செய்வதுதான், அமைதியாகப் போய் நிரப்பிக்கொண்டு வாருங்கள்.

ரயிலில் சைக்கிள் ஏற்ற விடுவார்களா?

வட்டார ரயில்களில் பெரும்பாலும் இலவசம். கோடையில் சில தடங்களில் முன்பதிவு கேட்பார்கள். டிஜிவி என்ற அதிவேக ரயிலில் சைக்கிளுக்கு இடமுள்ள வண்டிகள் சிலவே, அதற்கும் பதிவு வேண்டும். இல்லாவிட்டால் சக்கரத்தைக் கழற்றி உறையில் போட்டுக் கொண்டுபோகலாம். என் யோசனை: அவசரமில்லை என்றால் வட்டார ரயிலிலேயே மாறி மாறிப் போங்கள்.

பாரிஸ் புறநகரில் இருக்கிறோம். பிள்ளைகளுக்கு 9 வயது, 6 வயது. எங்கே கூட்டிப் போகலாம்?

மேலே சொன்ன குளூனி பாதையே சரியான இடம். பிரான்சில் 12 வயதுக்குட்பட்டோர் ஹெல்மெட் போட வேண்டும் என்பது 2017-லிருந்து சட்டம், பின்னால் உட்கார்ந்து வரும் குழந்தைக்கும் சேர்த்துத்தான். பாதை ரோட்டைக் கடக்கும் இடங்களில் காரைத் தடுக்கக் கம்பிகள் போட்டிருப்பார்கள். அங்கே பிள்ளைகள் கம்பியைப் பார்த்து வளைவதில் ரோட்டைக் கவனிக்க மறந்துவிடுவார்கள், இறங்கித் தள்ளிப் பழக்குங்கள்.

குளூனிக்குத் தெற்கே புவா கிளேர் என்ற 1.6 கிலோமீட்டர் சுரங்கம் வரும். பழைய ரயில் சுரங்கம். நல்ல வெயிலிலும் உள்ளே சில்லென்று இருக்கும், ஸ்வெட்டரும் விளக்கும் கையில் இருக்கட்டும். உள்ளே வௌவால்கள் குளிர்காலத்தைக் கழிப்பதால் அந்த மாதங்களில் மூடிவிடுவார்கள். அப்போது குன்றின் மேலேறிச் சுற்றிப் போக வேண்டும், ஆறு வயதுப் பிள்ளைக்கு அது கடினம்.

அக்டோபரில் விடுப்பு கிடைக்கிறது. போகலாமா?

தாராளமாக. திராட்சை இலை சிவக்கிற நேரம், தடமும் காலியாக இருக்கும். மூன்று விஷயம் கவனியுங்கள். வேட்டைப் பருவம் தொடங்கியிருக்கும், ஞாயிறுகளில் காட்டு வழியில் பளிச்சென்ற நிறச் சட்டை போடுங்கள். முட்செடி வேலியை இயந்திரத்தால் கத்தரிப்பார்கள், ரோட்டில் முள் சிதறும், கூடுதலாக இரண்டு டியூப் எடுத்துக்கொள்ளுங்கள். மாத இறுதியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்புவதால் மாலை சீக்கிரம் இருட்டிவிடும். இருட்டியபின் ஊருக்கு வெளியே ஒளிரும் மேலங்கி கட்டாயம்.

கூடாரம் போடும் முகாம்கள் பல அதற்குள் மூடியிருக்கும். கிளம்பும் முன்பே அறைக்குப் போன் செய்துவிடுங்கள்.